பிராங்க்ஃபர்ட்: வணிகப் பயணியின் முதல் பார்வையில்

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில், மைன் ஆற்றின் இரு கரையிலும் அமைந்த நகரம் பிராங்க்ஃபர்ட். மக்கள்தொகை எட்டு லட்சத்தைத் தொடவில்லை. மாநிலத் தலைநகரம்கூட இது அல்ல; அந்தப் பெருமை பக்கத்திலுள்ள வீஸ்பாடனுக்கு. ஆனாலும் வேலை நிமித்தமாக இந்தியாவிலிருந்து ஐரோப்பா போகிறவர்களில் பலர் முதலில் கால் வைப்பது இங்கேதான். ஊரைப் பற்றி அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: கண்ணாடிக் கட்டடங்கள், வங்கிகள், சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர்கள், வேலை முடிந்தால் கிளம்பிவிடலாம். பழைய ஐரோப்பாவைப் பார்க்க வேண்டுமானால் ஹைடல்பர்க் போ, கொலோன் போ என்று அலுவலக நண்பர்களும் ஆலோசனை சொல்லி அனுப்புவார்கள். இந்த முதல் பார்வை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் எது பழையது, எது புதியது என்பதை அது தலைகீழாகப் புரிந்துகொள்கிறது.

சென்னையிலிருந்து நள்ளிரவு கடந்து புறப்படும் நேரடி விமானம் காலையில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கடிகாரத்தைப் பின்னால் தள்ள வேண்டும். விடுதிகள் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு முன் அறை கொடுப்பதில்லை. ஆகவே தூக்கம் கெட்ட உடம்போடு ஊரின் காலை நேரத்தைப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. விமான நிலையத்தில் நடக்கும் தூரமும் கொஞ்சநஞ்சமல்ல. முதல் முனையம் திறந்த ஆண்டு 1972. அதற்குப் பின் ஒட்டுப்போட்டு வளர்ந்த கட்டடம் என்பது அதன் நடைவழிகளிலேயே தெரியும்.

விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. முனையத்துக்கு அடியிலேயே உள்ளது உள்ளூர் ரயில்களுக்கானது. சற்றுத் தள்ளி 1999இல் திறக்கப்பட்ட இன்னொன்று நெடுந்தூர ரயில்களுக்கானது. நகருக்குப் போகிறவருக்கு வேண்டியது முதலாவது. எஸ்8, எஸ்9 என்ற எண் போட்ட ரயில்களில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மத்திய ரயில் நிலையம் வந்துவிடும். புதிதாக வருபவரைக் குழப்புவது, நடைமேடைக்குப் போகும் வழியில் தடுப்புக் கதவோ சீட்டு பார்ப்பவரோ இல்லாததுதான். சீட்டே வேண்டாம்போல என்று ஏறிவிடுவோர் உண்டு. சாதாரண உடையில் ஏறும் பரிசோதகர் வண்டி ஓடும்போது வந்து நிற்பார்; சீட்டு இல்லையென்றால் 60 யூரோ. வெளியூர்க்காரர், தெரியாமல் நடந்தது என்ற சமாதானம் எடுபடாது. இயந்திரத்தில் வாங்கும் ஒற்றைப் பயணச் சீட்டு வாங்கிய உடனே பயணம் செய்வதற்கானது. காலையில் வாங்கி மாலைக்கென்று பையில் வைத்துக்கொள்ள முடியாது.

மத்திய ரயில் நிலையம் 1888இல் திறக்கப்பட்டது. இரும்பும் கண்ணாடியுமாக வளைந்த மூன்று பெரிய கூரைகள் முதலில் எழுந்தன. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 1924இல் சேர்ந்தன. தண்டவாளங்கள் அங்கேயே முடிவதால், கடந்து செல்லும் வண்டியும் வந்த திசையிலேயே திரும்பிப் புறப்படும். முகப்பின் உச்சியில் பூமியைத் தூக்கி நிற்கும் அட்லஸ் சிலை உண்டு. அவனுக்குத் துணையாக இரு பக்கமும் நிற்பவை நீராவியையும் மின்சாரத்தையும் குறிக்கும் உருவங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தன்னம்பிக்கைக்கு அதைவிட நேரடியான சான்று தேட வேண்டாம். உள்ளே ரயில் நேரப் பலகையைப் பார்த்தால் அந்தத் தன்னம்பிக்கை கொஞ்சம் குறையும். ஜெர்மன் ரயில் நிமிடம் தவறாது என்ற நம்பிக்கையோடு வருபவருக்கு ஒரு தகவல்: 2024இல் அந்நாட்டு நெடுந்தூர ரயில்களில் சுமார் 62.5 விழுக்காடுதான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகக் கணக்கில் எடுக்காமல். வேறு ஊரிலிருந்து விமானம் பிடிக்க வருபவர் ஒரு வண்டி முந்தி வருவதே நல்லது.

நிலையத்தை விட்டு வெளியே வந்து கைஸர் தெருவில் நடக்கும் சில நிமிடங்கள்தான் பலருக்கும் பெரிய அதிர்ச்சி. எதிரே வங்கிக் கோபுரங்கள் வானத்தை முட்டுகின்றன. காலடியில், கட்டடப் படிகளில், போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள் சுருண்டு கிடக்கிறார்கள். பக்கத்துத் தெருக்களில் பாலியல் தொழில் சட்டபூர்வமாக நடக்கும் விடுதிகள். பணக்கார நாட்டின் பணக்கார நகரத்தில் இப்படியா என்ற கேள்வி எழுவது இயல்பு. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1980களின் இறுதியில் வங்கிகளின் காலடியிலுள்ள டவுனுஸ் பூங்காவில் வெட்டவெளியிலேயே ஹெராயின் விற்பனையும் ஊசி போட்டுக்கொள்வதும் நடந்தன. 1991இல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அளவு மீறிய போதையால் இறந்தார்கள். 1992இல் அந்தப் பூங்கா காலி செய்யப்பட்டது. அடித்துத் துரத்தினால் வேறு தெருவுக்குத்தான் போவார்கள் என்று உணர்ந்த நகராட்சி, மருத்துவக் கண்காணிப்பில், சுத்தமான ஊசியோடு போதைப்பொருள் உட்கொள்ள இடம் ஒதுக்கியது. அப்படிப்பட்ட முதல் மையம் 1994இல் வந்தது. சாவு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மையங்கள் இந்தப் பேட்டையிலேயே இருப்பதால் அடிமைப்பட்டவர்களும் இங்கேயே கூடுகிறார்கள். ஆகவே பயணி பார்ப்பது கைவிடப்பட்ட தெரு அல்ல. நகரம் கண்ணைத் திறந்துகொண்டு எடுத்த முடிவின் விளைவு. அது சரியா என்று உள்ளூரில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை.

அதே பேட்டையில் ம்யூன்ஷனர் தெரு இருக்கிறது. துருக்கி ரொட்டிக் கடை, ஆசிய மளிகைக் கடை, மீன் கடை, காபிக் கடை என்று நெருக்கமாக அமைந்த தெரு. பகலில் பயமின்றி நடக்கலாம். இரவில் பர்ஸை முன் பையில் வைத்துக்கொள்வது, கைபேசியை நீட்டிப் பிடித்து நிற்காமல் இருப்பது என்ற சாதாரண எச்சரிக்கை போதும். நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தாமோ பெற்றோரோ வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதை இந்தத் தெரு உடனே காட்டிவிடும். பகலில் ஊரில் காணும் கூட்டத்தில் பெரும்பகுதி இங்கே குடியிருப்பதே இல்லை. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து தினமும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்கு வந்து போகிறார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வங்கிப் பகுதி திடீரென்று வெறிச்சோடுவது இதனால்தான். ஊர் உயிரற்றது என்று பலர் தீர்ப்பெழுதுவதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான்.

வணிகப் பயணியை இந்த ஊருக்கு இழுப்பது கண்காட்சி வளாகம். உள்ளூரில் அதன் பெயர் மெஸ்ஸே. மத்திய ரயில் நிலையத்திலிருந்து யு4 சுரங்க ரயிலில் ஒரே நிறுத்தம். வாசலில் கறுப்பு நிழலுருவம்போல் இருபது மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் சம்மட்டி மனிதன், அமெரிக்கச் சிற்பி ஜானதன் பொரோஃப்ஸ்கியின் படைப்பு. அவன் கை ஓயாமல் மெதுவாக உயர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே பென்சில் முனைபோன்ற கூம்புக் கூரையோடு 256 மீட்டர் உயர மெஸ்ஸே கோபுரம். 1990இல் முடிந்தபோது ஐரோப்பாவிலேயே உயரமான அலுவலகக் கட்டடம் இதுதான். உள்ளே மூன்றரை லட்சம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட அரங்குப் பரப்பு. நகரும் நடைபாதைகளும் வளாகப் பேருந்தும் இருந்தாலும் கால் வலி நிச்சயம். புதுக் காலணியோடு கண்காட்சிக்குப் போகிறவர் இரண்டாம் நாள் விடுதியை விட்டு நகர மாட்டார்.

இந்தக் கண்காட்சிகளின் வயதுதான் வியப்பு. 1240 ஜூலையில் பேரரசர் இரண்டாம் ஃபிரெட்ரிக் ஒரு ஆணை எழுதினார்: பிராங்க்ஃபர்ட் சந்தைக்கு வரும் வணிகர்களும் போகும் வணிகர்களும் பேரரசின் பாதுகாப்பில் இருப்பார்கள். வழிப்பறிக்காரர்களும் கோட்டைக்கோட்டையாகச் சுங்கம் பிடுங்கும் சிற்றரசர்களும் நிறைந்த காலத்தில் அந்த ஒரு தாள் பொன்னைவிட மதிப்பானது. அது இலையுதிர்காலச் சந்தை. 1330இல் வசந்தகாலச் சந்தைக்கும் உரிமை கிடைத்தது. ஆண்டுக்கு இரண்டு முறை ஊரே கடைத்தெருவானது. நகராட்சி மன்றமாக 1405இல் வாங்கப்பட்ட ரோமர் மாளிகையின் தரைத்தளக் கூடங்களிலேயே வணிகம் நடந்தது. பக்கத்து மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் அச்சுக்கலையைக் கொண்டுவந்தபின் புத்தகங்களும் இந்தச் சந்தைக்கு வரத் தொடங்கின. இடையில் லைப்ஸிக் நகருக்குப் பறிபோன புத்தகச் சந்தை 1949இல் மீண்டும் இங்கே, பால் தேவாலயத்தில், தொடங்கியது. இன்றைக்கு ஒவ்வொரு அக்டோபரிலும் நடக்கும் உலகப் புகழ்பெற்ற புத்தகக் கண்காட்சி அதன் தொடர்ச்சி. 1986, 2006 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியா அதன் சிறப்பு விருந்தினர் நாடாக இருந்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த வளாகத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. 1971 முதல் ஜனவரி மாதத்தில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டீல் வீட்டு ஜவுளிக் கண்காட்சியில் கரூர் ஏற்றுமதியாளர்கள் கடை விரிக்கிறார்கள். சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு, திரைச்சீலை என்று ஆண்டு முழுவதற்குமான ஆர்டர்களுக்கு அந்தச் சில நாட்களில் பிள்ளையார் சுழி போடப்படுகிறது. ஜனவரி என்பதால் குளிர் உறையும் நிலையை ஒட்டியே இருக்கும். மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். பொங்கல் நேரத்தில் வீட்டில் இல்லாத மனத்தாங்கலும் சில ஆண்டுகளில் சேர்ந்துகொள்ளும். பெரிய கண்காட்சிகள் நடக்கும் வாரங்களில் விடுதிக் கட்டணம் பல மடங்கு ஏறிவிடும். பழகியவர்கள் மைன்ஸ், டார்ம்ஷ்டாட் போன்ற பக்கத்து ஊர்களில் தங்கி ரயிலில் வந்து போகிறார்கள். பல கண்காட்சிகளின் நுழைவுச் சீட்டே அன்றைய உள்ளூர் ரயில் சீட்டாகவும் செல்லும். சீட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

பல நாட்டு வணிகர்கள் வந்தால் பல நாட்டுக் காசும் வரும். எந்த நாணயத்துக்கு என்ன மதிப்பு என்று ஆளுக்கு ஒன்று சொன்னால் சந்தை நடக்காது. 1585இல் வணிகர்கள் ஒன்றுகூடி மாற்று விகிதங்களை நிர்ணயித்தார்கள். பிராங்க்ஃபர்ட் பங்குச் சந்தை தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. ரோத்ஷில்டு வங்கிக் குடும்பத்தின் மூலவரான மாயர் அம்ஷெல் ரோத்ஷில்டு 1744இல் பிறந்தது இந்நகரின் யூதர் தெருவில். ஆக, சந்தையிலிருந்து வங்கி, வங்கியிலிருந்து கோபுரம் என்று ஒரு நேர்கோடு போடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் தலைநகரமாகும் வாய்ப்பும் வாசல்வரை வந்தது. நாடாளுமன்றத்துக்கென்று வட்டக் கட்டடம்கூட எழும்பிவிட்டது. 1949இல் வாக்கெடுப்பில் பான் நகரம் வென்றது. அந்தக் கட்டடம் வானொலி நிலையத்துக்குப் போனது. தலைநகரம் கிடைக்காத ஊருக்கு மத்திய வங்கி கிடைத்தது. பிற்காலத்தில், 1998இல், ஐரோப்பிய மத்திய வங்கியும் இங்கேயே வந்து அமர்ந்தது.

வில்லி பிராண்ட் சதுக்கத்தில் நிற்கும் பெரிய நீல யூரோ சின்னத்தின் முன் படம் எடுத்துக்கொள்வது பயணிகளின் சடங்கு. ஆனால் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைமையகம் இப்போது அங்கே இல்லை. 2014இல் அது நகரின் கிழக்குப் பக்கம், ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. 1928இல் கட்டிய பழைய காய்கறி மொத்தச் சந்தைக் கட்டடத்தை இடிக்காமல், அதை ஊடுருவி நிற்பதுபோல 185 மீட்டர் இரட்டைக் கோபுரத்தை எழுப்பினார்கள். நாஜி ஆட்சிக் காலத்தில் இந்தச் சந்தையின் நிலவறைதான் யூதர்களைப் பிடித்துவைத்து வதைமுகாம் ரயில்களில் ஏற்றி அனுப்பிய இடம். அங்கே இப்போது நினைவிடம் இருக்கிறது. நகரின் மிக உயரமான கட்டடம் கொமர்ஸ்பாங்க் கோபுரம்: நார்மன் ஃபாஸ்டர் வடிவமைப்பு, 1997, கூரைவரை 259 மீட்டர், நடுநடுவே அந்தரத் தோட்டங்கள். ஊரை மேலிருந்து பார்க்க நினைப்பவர் 200 மீட்டர் உயரமுள்ள மைன் டவரின் மொட்டைமாடிக்குப் போகலாம். அது பொதுமக்களுக்குத் திறந்திருக்கும்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன வயதுக் கணக்குக்கு வரலாம். வங்கிப் பகுதியிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ரோமர்பெர்க் சதுக்கம். சரிந்த கூரையும் குறுக்கும் நெடுக்கும் மரச்சட்டங்களுமாக, நாட்காட்டிப் படங்களில் வரும் ஐரோப்பா. கோபுரங்களைக் கண்டு சலித்த பயணி, அப்பாடா, இதுதான் பழைய ஊர் என்று பெருமூச்சு விடுவார். சதுக்கத்தின் கிழக்கு வரிசையில் நிற்கும் அந்த வீடுகள் கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு 1984. வங்கி உலகின் அடையாளமான, உள்ளூர்க்காரர்கள் பற்று என்றும் வரவு என்றும் கிண்டலாக அழைக்கும் டாய்ச்ச பாங்கின் இரட்டைக் கண்ணாடிக் கோபுரங்கள் முடிந்ததும் அதே 1984இல்தான். சதுக்கத்துக்கும் பேராலயத்துக்கும் இடையிலுள்ள சந்துகளோ இன்னும் இளையவை: 1970களில் அங்கே எழுந்த பெரிய கான்கிரீட் அலுவலகக் கட்டடத்தை இடித்துவிட்டு 35 வீடுகள் கட்டினார்கள். அவற்றில் 15 பழைய வீடுகளின் மறுபதிப்பு. 2018இல் திறப்பு விழா நடந்தது. மெஸ்ஸே கோபுரத்தைவிட இந்தப் பழைய ஊர் இருபத்தெட்டு ஆண்டு இளையது.

காரணம் 1944 மார்ச் மாதக் குண்டுவீச்சு. ஜெர்மனியிலேயே பெரிய மரவீட்டுப் பழநகரங்களில் ஒன்றாக இருந்த இடம் சில இரவுகளில் எரிந்து சாம்பலானது. கவிஞர் கோதே 1749இல் பிறந்த வீடும் மார்ச் 22 அன்று போனது. அறைகலன்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்ததால், 1951இல் வீட்டைத் திரும்பக் கட்டியபோது பொருட்கள் அசலாகவே உள்ளே வந்தன. தப்பிய மரவீடு ஆற்றை நோக்கிய வெர்ட்ஹைம் வீடு. நெருப்பிலிருந்து ஆற்றங்கரைக்குத் தப்பி ஓடும் மக்களுக்கு வழி திறந்திருக்க வேண்டும் என்று தீயணைப்புப் படை அங்கே தண்ணீர்த் திரை பிடித்தது, அதனால் பிழைத்தது. மறுகட்டுமானம் போலித்தனம் என்று கட்டடக் கலைஞர்கள் சிலர் இன்றும் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சந்துகளில் மாலையில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க் கூட்டத்தைப் பார்த்தால் மக்கள் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் வராது. கோபுரங்களும் சண்டையின்றி எழவில்லை: 1970களில் வெஸ்ட்எண்ட் பகுதியில் குடியிருப்பு வீடுகளை இடித்து அலுவலகம் கட்டுவதை எதிர்த்து மாணவர்கள் காலி வீடுகளுக்குள் புகுந்து குடியேறினார்கள். அந்த வட்டத்தின் தெருச்சண்டைக்காரர்களில் ஒருவரான யோஷ்கா ஃபிஷர் பின்னாளில் நாட்டின் வெளியுறவு அமைச்சரானார்.

அலுவலகச் சந்திப்புகளில் முதலில் கவனிக்க வேண்டியது நேரம். பத்து மணி என்றால் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வரவேற்பறையில் இருக்க வேண்டும். கைகுலுக்கல், குடும்பப் பெயர் சொல்லி அறிமுகம், முகவரி அட்டை, உடனே விஷயம். வீடு வாசல், பிள்ளை குட்டி விசாரிப்புகளை எதிர்பார்க்கக் கூடாது. அது அலட்சியம் அல்ல. டாக்டர் பட்டம் பெற்றவரைப் பட்டத்தோடு அழைப்பது மரபு. பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்பார்கள். பார்க்கலாம், செய்துவிடலாம் என்ற நம் ஊர் மழுப்பலை அவர்கள் வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வெள்ளி பிற்பகல் சந்திப்பு கேட்பது பயனற்றது.

சாப்பாட்டுக்கு ஆற்றைத் தாண்டி ஸாக்ஸன்ஹவுசன் போக வேண்டும். ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது இவ்வூரின் தனிச்சொத்து. சாம்பல் நிற மண் குடுவையில், நீலப் பூ வேலைப்பாட்டோடு மேசைக்கு வரும். வரிவரியாக வெட்டிய கண்ணாடிக் குவளையில் ஊற்றுவார்கள். முதல் வாய் புளிப்பாகத்தான் இருக்கும். சோடா கலந்து கேட்பதில் அவமானம் இல்லை. நீண்ட பலகைகளில் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்வதும் அங்கே வழக்கம். பகலெல்லாம் இறுக்கமாகத் தெரிந்த ஜெர்மானியர் வாய் திறந்து பேசுவது இங்கேதான். மாமிசம் உண்ணாதவருக்கும் வழி இருக்கிறது: ஏழு வகைப் பச்சிலைகளை நறுக்கித் தயிர்ப் பாலாடையில் கலந்த பச்சைக் குழம்பு, அவித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டையோடு வரும். குளிர்ச்சியாகவே பரிமாறுவார்கள். ஆறிப்போய்விட்டது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். மதிய உணவுக்கு 1954இல் கட்டிய கிளைன்மார்க்ட்ஹாலே என்ற கூரையிட்ட சந்தை நல்லது. பழம், பாலாடைக்கட்டி, இத்தாலிய ரொட்டி என்று நின்றபடியே பசியாறலாம். சனிக்கிழமை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள்.

உணவகத்தில் தண்ணீர் இலவசமாக வராது. கேட்டால் பெரும்பாலும் வாயு நிரப்பிய பாட்டில் வரும். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, அறையில் நிரப்பிக்கொள்ளலாம். தண்ணீர்ப் பாட்டில் வாங்கும்போது விலைக்கு மேல் 25 சென்ட் சேர்ப்பது ஏமாற்று வேலை அல்ல. காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். சிறிய கடைகள் சிலவற்றில் இந்திய வங்கி அட்டை எடுபடாது. கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். அன்று பல் தேய்க்கும் பசை வேண்டுமென்றாலும் ரயில் நிலையத்துக்கோ விமான நிலையத்துக்கோதான் போக வேண்டும். திங்கள் காலைச் சந்திப்புக்காக ஒரு நாள் முன்னால் வருபவர்கள் இதனால் விடுதியிலேயே முடங்கிப்போகிறார்கள்; அது தேவையில்லை. மைன் ஆற்றின் தென்கரையில் அருங்காட்சியகங்கள் வரிசையாக இருக்கின்றன. 1815இல் ஒரு வணிகர் எழுதிவைத்த உயிலால் உருவான ஸ்டேடல் ஓவியக் கூடமும் அவற்றில் ஒன்று. ஞாயிறு முழுவதும் திறந்திருக்கும் அந்தக் கூடத்துக்கு விடுமுறை திங்கட்கிழமை.